பக்கவாதத்துக்குப் பிறகு: வீட்டுக்கு வரும் பிசியோவா, போய்வரும் சிகிச்சையா, தங்கும் மையமா?

"கை கால் விழுந்து ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ் போட்டுட்டாங்க, இனி எங்க கொண்டுபோறது?" இந்தக் கேள்வி கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒருவர் என் சித்தப்பா மகன், ஒருவர் பழைய ஆபீஸ் நண்பர், மூன்றாமவர் யாரென்றே எனக்குத் தெரியாது. மூவரும் கேட்டது ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும்தான். நான்கு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்தபோது நானும் அதைத்தான் தேடி அலைந்தேன். டிஸ்சார்ஜ் தாளின் அடியில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒற்றை வரி, அவ்வளவுதான். எங்கே, தினம் எவ்வளவு நேரம், எத்தனை மாதம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

பெயரும் நம்பரும் தருவதால் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அப்பாவுக்குச் சரிப்பட்டது உங்கள் அம்மாவுக்குச் சரிப்படாது. எதை வைத்து முடிவு செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, கூட இருந்து பார்த்தவன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி. எனக்கு இதுதான் முதல் அளவுகோல், மற்றதெல்லாம் பிறகு. மூளையில் செத்துப்போன பகுதி திரும்ப வராது. மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். இந்தக் கற்றல் முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக நடக்கிறது. ஆறு மாதம் வரை ஓரளவு, அதற்குப் பிறகும் உண்டு ஆனால் மெதுவாக. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேவைப்படுகிறவர்களுக்கு தினம் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் குறைந்தது 5 நாள் பயிற்சி வேண்டும் என்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வருகிற பிசியோ இருப்பது முக்கால் மணி. மீதி இருபத்து மூன்றே கால் மணி நேரம் யார் கையில் என்பதுதான் கேள்வி.

அவர் இப்போது என்ன நிலையில் இருக்கிறார். பிடிமானம் இல்லாமல் கட்டிலில் உட்கார முடிகிறதா? தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதா? மூக்கில் ட்யூப், சிறுநீர் ட்யூப் இன்னும் இருக்கிறதா? நாம் சொல்வது புரிகிறதா? இவை நான்குக்கும் பதில் நல்லபடியாக இருந்தால் உங்களுக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது. இரண்டு மோசமாக இருந்தாலே வீட்டு வழி மிகக் கடினம்.

எந்த ஆட்கள் தேவை. பிசியோ என்றால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தோம். நடை, நிற்பது, சமநிலை, இவை பிசியோதெரபிஸ்ட் வேலை. கை, சட்டை போடுவது, குளிப்பது, சாப்பிடுவது போன்றவற்றைப் பார்ப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சும் விழுங்குவதும் ஸ்பீச் தெரபிஸ்ட். பெரும்பாலும் வலப்பக்கம் விழுந்தவர்களுக்குத்தான் பேச்சும் போகும். இடப்பக்கம் விழுந்தவர்களுக்கு வேறொரு வினோதம் உண்டு. வீட்டுக்கு வந்த முதல் வாரம், அப்பா தட்டில் வலப்பக்கம் இருந்த சோற்றை மட்டும் வழித்துச் சாப்பிடுவார், இடப்பக்கம் இருந்த பீன்ஸ் பொரியல் அப்படியே இருக்கும். பீன்ஸ் பிடிக்கவில்லை போல என்று அம்மா மறுநாள் உருளைக்கிழங்கு வைத்தார். அதுவும் அப்படியே இருந்தது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்கவில்லை என்று பிறகுதான் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்னார், தட்டை அரை வட்டம் திருப்பி வைத்துக் காட்டினார், பொரியல் காலியானது. அதுவரை வந்துபோன பிசியோ யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

கூட யார் இருக்கப் போகிறார்கள். இதைப் பெரும்பாலான வீடுகளில் பேசுவதே இல்லை, "நாம பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த "நாம" யார் என்று கேட்டால் அம்மா, அல்லது மருமகள். அப்பா 78 கிலோ, அம்மாவுக்கு அப்போது 61 வயது, முழங்கால் வலி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் முதல் இருபது நாள் நாங்கள் பட்ட பாடு பட்டிருக்க மாட்டோம்.

வீடு. நிலைப்படி, பாத்ரூமுக்கு இறங்கும் ஒரு படி, இந்திய முறைக் கழிப்பறை. இவை மூன்றும் இருந்தால் முதல் நாளே கமோடு நாற்காலி வாங்கியாக வேண்டும்.

பணம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆறு மாதத்துக்கு இரண்டு லட்சம் இருக்கிறது என்றால் மாதாமாதம் சமமாகப் பிரிப்பதுதான் எல்லோரும் செய்வது. என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதத்திலேயே பெரும்பகுதியைச் செலவழியுங்கள்.

## வீட்டுக்கு வரும் பிசியோ

எல்லோரும் முதலில் எடுக்கும் முடிவு. நாங்களும் அதைத்தான் எடுத்தோம், ஒரு தடவைக்கு 600 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 15,600. மலிவு போலத் தெரியும்.

இதில் வெளியே தெரியாத செலவைச் சொல்கிறேன். பகலுக்கு ஒரு அட்டெண்டர், அவருக்குச் சாப்பாடு, டயப்பர், படுக்கைப் புண் வராமல் இருக்க ஆல்ஃபா பெட் என்கிற காற்று மெத்தைக்கு வாடகை, கமோடு நாற்காலி, வாக்கர். இவற்றையெல்லாம் கூட்டினால் பிசியோ கட்டணம் மொத்தத்தில் கால்வாசிதான். அப்புறம் நான் போட்ட லீவு, அம்மா இழந்த தூக்கம். இவற்றை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பெரிய செலவு பணத்தில் இல்லை. எங்களுக்கு முதலில் வந்தவர் கையிலும் காலிலும் கரண்ட் வைத்துவிட்டு, அது ஓடும் இருபது நிமிடமும் போன் பார்ப்பார், பிறகு கையைக் காலை நாலு தடவை மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்பா எதுவுமே செய்யவில்லை, அவருக்கு எல்லாம் செய்யப்பட்டது. நோயாளிக்கு வியர்க்காத பிசியோ பாதி பிசியோகூட இல்லை என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. அட்டெண்டர் அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுத்தார். தசையில் பலம் இல்லாத தோள் மூட்டு ஏற்கனவே கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? ஐந்து மாதம் தோள் வலி. வலித்ததால் கைப்பயிற்சியே செய்ய மறுத்தார். ஆள் வைக்கும் முதல் நாளே அக்குளில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது, விழுந்த கையை இழுக்கக்கூடாது, இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்து எழுப்ப வேண்டும் என்று செய்து காட்டிவிடுங்கள்.

சரி, பிசியோவே வேண்டாம், வீட்டு ஆட்களுக்கே கற்றுக்கொடுத்துவிட்டால்? இதை இந்தியாவிலேயே பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். அட்டெண்ட் என்ற ஆய்வு, 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்த குழுவிலும், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த குழுவிலும் ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருப்பவர்கள் ஒரே அளவு, இரண்டிலும் 47 சதவீதம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அம்மா இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமோ என்று வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சுக்கு இது ஒரு பதில். குடும்பம் துணைக்குத்தான், சிகிச்சையின் முழுப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்ற முடியாது.

பணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு, வீட்டுக்கே வந்து பார்க்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கியது, பிசியோதெரபியும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் பெயரைப் பதிந்துகொள்வார்கள். தினமும் வருவார்கள் என்று நம்பியிருக்காதீர்கள், ஒருவரே பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் வரும்போது அடுத்த தடவை வரை என்னென்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் அதுவே பெரிய விஷயம்.

வீட்டு வழி யாருக்கு நல்லது? உட்கார முடிகிறவர், பேச்சும் புரிதலும் சரியாக இருப்பவர், பலமுள்ள ஒரு ஆள் வீட்டில் நாள் முழுக்க இருப்பவர். இன்னொரு வகையும் உண்டு, மிக வயதானவர், முன்பே மறதி இருப்பவர். இடம் மாறினால் இவர்கள் குழம்பிப்போவார்கள், வீடுதான் நல்லது.

## போய்வரும் சிகிச்சை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு, கட்டணம் கிடையாது. சென்னையில் கே.கே. நகரில் இதற்கென்றே அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தனியார் கிளினிக் என்றால் தெருவுக்கு ஒன்று.

அரசு மருத்துவமனையில் இலவசம் என்பது உள்ளே நுழைந்த பிறகுதான். ஆட்டோ போக வர 300, கூட வரும் ஆளின் அரை நாள் கூலி, காத்திருப்பு. நோயாளி ஆட்டோவில் ஏறி இறங்குவதிலேயே களைத்துவிட்டால் அங்கே போய் என்ன பயிற்சி செய்வார்? அதனால் ஆட்டோவில் ஒருவர் கைத்தாங்கலில் ஏற முடிகிற நிலை வந்த பிறகுதான் இந்த வழியை யோசிக்க வேண்டும்.

ஆனால் வீட்டில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வீட்டில் இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷர், அந்த ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து லாரி டிரைவரிடம் "உங்களுக்கு எத்தனை விரல் அசையுது?" என்று கேட்டார். அவருக்கு மூன்று. அப்பாவுக்கு ஒன்றரை. அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் சொல்லாமலே உள்ளங்கையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதைச் சோம்பேறித்தனம் என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். தன்னைப் போல நாலு பேரைப் பார்ப்பது மாத்திரைக்கு மாற்று இல்லைதான், இருந்தாலும் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது.

அங்கே ஆக்குபேஷனல் தெரபியில் கொடுத்த சாமான் என்ன தெரியுமா? பல்லாங்குழியும் புளியங்கொட்டையும். அப்பாவால் டம்ளரைப் பிடிக்க முடிந்தது, விடத் தெரியவில்லை. பிடி முதலில் வரும், விரலை விரிப்பது பிறகுதான் வரும் என்றார்கள். ஒரு குழியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அடுத்த குழியில் விட வேண்டும். அந்த "விட" வருவதற்கு ஆறு வாரம்.

தனியார் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: ஒரே நேரத்தில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? நாலு பேரை மெஷினில் போட்டுவிட்டு நடுவில் நடக்கிற இடம் என்றால், அது முழங்கால் வலிக்குப் போதும், இதற்குப் போதாது.

## தங்கிச் சிகிச்சை எடுக்கும் மையம்

ஒரே கூரையின் கீழ் மறுவாழ்வு மருத்துவர், பிசியோ, ஆக்குபேஷனல், ஸ்பீச், நர்ஸ், காலைத் தாங்கும் சட்டம் செய்பவர். தினம் மூன்று மணி நேரப் பயிற்சி என்பது நடைமுறையில் சாத்தியமாவது பெரும்பாலும் இங்கேதான். இந்தியாவில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி நம் வேலூரிலேயே இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கக் காரணமாக இருந்தார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், 1981-இல் ராமகிருஷ்ணன் தொடங்கியது, அவரும் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர். முதுகுத்தண்டில் அடிபட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையின் ஒப்பீடு பொருந்தாது, அவர்களுக்குத் தங்கும் மையம்தான் முதல் யோசனை, வீடு பிறகு.

இப்போது நகரங்களில் தனியார் மையங்கள் நிறைய வந்துவிட்டன. மாத பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் எது இல்லை என்று கேட்பதுதான் முக்கியம்: மருந்து, டயப்பர், டாக்டர் விசிட், ஸ்பீச் தெரபி, ட்யூப் உணவு, கூடத் தங்குபவரின் சாப்பாடு. நாங்கள் விசாரித்த ஒரு இடத்தில் சொன்ன தொகைக்கும், இவற்றையெல்லாம் சேர்த்த தொகைக்கும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம். பாதியில் கிளம்பினால் முன்பணம் திரும்பாது என்பது படிவத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. இன்னொரு இடத்தில் மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன், பதினொரு பேரில் ஒன்பது பேர் கட்டிலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மறுவாழ்வு மையம் இல்லை, பராமரிப்பு இல்லம். இரண்டுக்கும் போர்டு ஒரே மாதிரிதான் இருக்கும். வாரத்துக்கான பயிற்சி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள், நோயாளி பெயரோடு மணி நேரம் எழுதியிருக்க வேண்டும்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. பல பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் செலவுக்கு இடம் உண்டு, பிசியோவும் அதில் வரலாம், ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு வேண்டும். தங்கும் மையத்தில் சேர்ப்பதைத் தனி அட்மிஷனாக ஏற்பார்களா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். போனில் சொல்வதை நம்பாமல் மெயிலில் பதில் வாங்குங்கள்.

இதன் இன்னொரு மறைமுக விலை, வீட்டுக்குத் திரும்பிய நாள் தெரியும். வழவழப்பான தரையில், இருபக்கக் கம்பியைப் பிடித்து நடந்தவர், வீட்டு நிலைப்படியில் நின்றுவிடுவார். கடைசி பத்து நாள் வீட்டிலிருந்து கவனிக்கப் போகிறவர் அங்கே போய், தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாவற்றையும் தன் கையால் செய்து பழகவில்லை என்றால் கட்டிய பணத்தில் பாதி அந்த வாசலிலேயே போய்விடும்.

யாருக்கு? உட்காரவே இரண்டு ஆள் தேவைப்படுபவர், விழுங்க முடியாதவர், பேச்சும் கையும் சேர்ந்து போனவர், வீட்டில் தூக்க ஆளில்லாதவர். பணம் குறைவென்றாலும் முதல் நாலு முதல் ஆறு வாரம் மட்டும் இங்கே, பிறகு வீடு என்று பிரிக்கலாம்.

## சித்த வைத்தியம், வர்மம், கேரளா

இதைச் சொல்லாமல் விட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனை, இரண்டும் அரசு இடங்கள், முறையாகப் படித்த மருத்துவர்கள். வலி, இறுக்கம், தூக்கம், மனசுக்கு ஒரு தெம்பு என்ற அளவில் தொக்கணமும் (சித்த முறையில் உடம்பைப் பிடித்துவிடுவது) எண்ணெயும் அப்பாவுக்கு உதவின. பயிற்சியோடு சேர்த்து எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை எங்கே என்றால், முதல் மாதத்தில் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு 21 நாள் எங்கோ போய்ப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்வதில். மூளை வேகமாகக் கற்கும் நாட்கள் அவை, தேய்ப்பவர் உழைக்கிறார், நோயாளி படுத்திருக்கிறார். பிபி மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் அழுத்தித் தேய்க்கவே கூடாது, உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நுரையீரலுக்குப் போகலாம். விழுந்த கை காலில் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு, எங்கள் வீட்டுக்கும் ஒருவர் புறாவோடு வந்தார். காபி கொடுத்து அனுப்பினோம், புறாவையும்.

## ஒரே பார்வையில்

| | வீட்டுக்கு வரும் பிசியோ | போய்வருவது | தங்கும் மையம் | சித்தம், ஆயுர்வேதம் |
|---|---|---|---|---|
| தினப் பயிற்சி | முக்கால் மணி, மீதி நம் பொறுப்பு | ஒன்றிலிருந்து இரண்டு மணி | நல்ல இடமென்றால் மூன்று மணி | நோயாளி செய்வது குறைவு |
| ஆட்கள் | பெரும்பாலும் பிசியோ மட்டும் | பெரிய மருத்துவமனையில் எல்லோரும் | எல்லோரும், கேட்டு உறுதி செய்ய வேண்டும் | வைத்தியர், தேய்ப்பவர் |
| கண்ணில் படாத செலவு | அட்டெண்டர், கட்டில், வீட்டாரின் லீவு | ஆட்டோ, அரை நாள் கூலி | பேக்கேஜில் வராதவை, முன்பணம் | கைநழுவும் முதல் மாதங்கள் |
| பொருந்தும் காலம் | உட்கார முடிந்த பிறகு | ஆட்டோவில் ஏற முடிந்த பிறகு | டிஸ்சார்ஜ் ஆனவுடன் | நிலை சீரான பிறகு, துணையாக |

அட்டவணையின் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். இவை ஒன்றுக்கொன்று போட்டி இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. நாங்கள் வரிசையைத் தப்பாகப் போட்டோம்: முதலில் வீடு, பிறகு அரசு மருத்துவமனை, கடைசியில் மூன்று வாரம் ஒரு மையம். திரும்பச் செய்வதாக இருந்தால் மையத்தை முதலில் வைப்பேன்.

எப்போது மாற்றுவது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருந்தோம். ஞாயிறு காலை காபிக்குப் பிறகு, கேட்டிலிருந்து முருங்கை மரம் வரை அப்பா நடப்பார், என் தங்கை போனில் வீடியோ எடுப்பாள், எத்தனை நொடி என்று காலண்டரில் எழுதுவோம். முதல் தடவை 94 நொடி, வாக்கரோடு, பக்கத்தில் ஒரு ஆளோடு. அந்த எண் நாலு ஞாயிறு அப்படியே நின்றுவிட்டால் அப்பாவைத் திட்டுவதில்லை, சிகிச்சையை மாற்றுவோம். இரண்டு தடவை மாற்றினோம். இப்போது ஊன்றுகோலோடு 31 நொடி, முருங்கை மரத்தைத் தாண்டி டீக்கடைக்கும் போய்விடுகிறார், கிளாஸைப் பிடிப்பது மட்டும் இன்னும் வலது கைதான்.